நாற்பது கோடி பேரின் போரும் ஒற்றைக் குரலும்

1937 ஜூலையில், இன்றைய பெய்ஜிங்கின் ஓரத்தில் மார்கோ போலோ பாலத்தருகே மூண்ட சண்டை எட்டு ஆண்டுகள் ஓயவில்லை. சீனத் தரப்பில் மாண்டவர்கள் 1.4 கோடிக்குக் குறையமாட்டார்கள் என்பது வரலாற்றாளர் பலர் இன்று ஏற்கும் கணக்கு. ஊரைவிட்டு ஓடியவர்கள் 8 கோடிக்கும் மேல். இத்தனை பெரிய அழிவுக்கு உலகின் நினைவில் மிஞ்சியிருக்கும் அசையும் காட்சிகள் மிகச் சொற்பம். ஜோரிஸ் இவான்ஸ் எடுத்து 1939இல் வெளியான 'நாற்பது கோடி மக்கள்', ரே ஸ்காட்டின் 'கூகான்' (1941), அமெரிக்க ராணுவத்துக்காக ஃபிராங்க் காப்ராவும் அனட்டோல் லிட்வாக்கும் தொகுத்த 'சீனப் போர்' (1944), இவற்றோடு சில செய்திப்படத் துணுக்குகள். பிற்காலத் தொலைக்காட்சித் தொடர்களும் அருங்காட்சியகத் திரைகளும் பெரும்பாலும் இந்தக் கையிருப்பிலிருந்துதான் வெட்டி ஒட்டிக்கொள்கின்றன. இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? ஒரு சாரார் அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். மறுசாரார் பிரசாரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறார்கள். இருவருமே படத்தை ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். இந்தப் படங்களில் கேட்கும் குரல் ஓரிடத்தில், ஒரு கூட்டத்தாரால், ஒரு காரியத்துக்காக உண்டானது. தெரியும் காட்சியோ வேறிடத்தில், வேறு கைகளில் பதிவானது. இரண்டையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பது என் வாதம். அப்படிப் போட்டுப் பார்த்தால் குரல் சொல்லும் சீன எதிர்ப்பு ஒன்றாகவும் காட்சி காட்டும் எதிர்ப்பு இன்னொன்றாகவும் இருக்கின்றன. நம்பத் தகுந்தது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இந்தப் பிளவுக்கு முதல் காரணம் கருவி. போர்முனைக்குத் தூக்கிச் செல்லக்கூடிய அன்றைய 35 மி.மீ. கேமராக்களில் பெயர்பெற்றது ஐமோ. சாவி கொடுத்து ஓட்ட வேண்டியது, ஒலியைப் பதியாது. அதில் வழக்கமாகப் போடும் 100 அடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும், அவ்வளவுதான். ஆகவே குண்டு விழும் ஓசை, சிப்பாயின் பேச்சு, அகதிப் பெண்ணின் அழுகை எதுவும் அந்த இடத்தில் பதிவாகவில்லை. 'நாற்பது கோடி மக்கள்' படத்தில் நாம் கேட்பதெல்லாம் பிறகு அமெரிக்காவில் சேர்க்கப்பட்டவை. விவரணையை எழுதியவர் ஹாலிவுட் திரைக்கதையாளர் டட்லி நிக்கல்ஸ், வாசித்தவர் நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச், இசை ஹான்ஸ் ஐஸ்லர், தொகுத்தவர் ஹெலன் வான் டோங்கன். இவர்களில் எவரும் அந்தப் படப்பிடிப்புக்குப் போனவர்களல்லர். திறமையில் யாரும் குறைந்தவர்களுமல்லர். ஐஸ்லரின் இசை இன்று கேட்டாலும் படத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது. ஆனால் திரையில் உழுகிற, சுமக்கிற, சாகிற மனிதர்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களுக்காகப் பேசுபவர் அவர்களைப் பார்த்ததில்லை.

அந்தக் குரல் யாரை நோக்கிப் பேசியது என்பது அடுத்த கேள்வி. சீனர்களை நோக்கி அல்ல. சீனர்களுக்கென்று எடுத்த படங்கள் இல்லாமலில்லை. போர்க்காலத் தலைநகரான சுங்கிங்கின் அரசுப் பட நிலையத்தில் ஜெங் ஜுன்லி மங்கோலியர், திபெத்தியர், மியாவ் மக்கள் எல்லாரையும் போருக்குள் அழைத்து ஒரு நீண்ட ஆவணப்படம் எடுத்தார். அது வெளிநாட்டில் அறியப்படவில்லை. அறியப்பட்டவை அமெரிக்கப் பார்வையாளரை எதிரே உட்காரவைத்துப் பேசிய படங்கள். காரணம் வெளிப்படை. ஜப்பான் எரித்த எண்ணெயில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜப்பானிய உலைகளுக்குப் போன பழைய இரும்பும் அங்கிருந்துதான். இரும்புக்குத் தடை விழ 1940 இலையுதிர்காலம் ஆயிற்று, எண்ணெய்க்கு 1941 ஆகஸ்ட். அதுவரை சீனாவின் நண்பர்கள் அமெரிக்காவில் செய்யக்கூடியதெல்லாம் மனம் கரைய வைப்பதுதான். ஆக இந்தப் படங்கள் பிறவியிலேயே மனுக்கள். மனு எழுதுபவன் தன் குடும்பச் சண்டையை அதில் எழுதமாட்டான். கை நீட்டும் நாடு ஒன்றுபட்டதாக, ஒழுங்கானதாக, ஒரு நல்ல தலைவரின் பின்னே நிற்பதாக, அமெரிக்காவைப் போலவே குடியரசும் பள்ளிக்கூடமும் விரும்புவதாக இருக்க வேண்டும். இவான்ஸ் படத்தின் முன்பகுதி சீனத்தின் தொன்மையையும் குடியரசின் தந்தை எனப்பட்ட சுன் யாட்சென்னையும் அடுக்கிக்காட்டுவது இதற்காகத்தான். இவ்வளவுக்கும், சீனர் குடியேறுவதைத் தடுத்த அமெரிக்கச் சட்டம் 1943 டிசம்பர் வரை நீக்கப்படவில்லை; நீக்கியபின் கொடுத்த ஆண்டு ஒதுக்கீடு 105 பேர். நாற்பது கோடி பேரைத் திரையில் பாராட்டிய நாடு வாசலில் அனுமதித்த எண்ணிக்கை அது.

இவான்ஸ் ஏமாளியல்ல, தான் எதற்குள் சிக்கியிருக்கிறோம் என்று தெரிந்தே வேலை செய்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் படமெடுத்த கையோடு 1938 தொடக்கத்தில் சீனா வந்தார். உடன் ஒளிப்பதிவாளர் ஜான் ஃபெர்னோவும் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவும். சீன அரசின் தலைவர் சியாங் கை ஷேக்கின் மனைவி சூங் மெய்லிங் முதல் கூடவே வந்த அதிகாரிகள் வரை அவர்களைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. கம்யூனிஸ்டுகளின் வடமேற்குப் பகுதிக்குப் போக விரும்பினார்கள். சியான் நகரம் வரை போய் நின்றார்கள், கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யெனானுக்கு அனுமதி கிடைக்கவில்லை. போர்முனையிலும் இதே கதைதான். 1938 ஏப்ரல் தொடக்கத்தில் தைர்ச்சுவாங் என்ற சிறு ஊரில் லி சுங்ரென்னின் படைகள் ஜப்பானியரைப் பின்வாங்கச் செய்தன. சீனாவுக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி. படக்குழு அந்தப் பக்கம் போயும் சண்டையின் மையத்தை நெருங்க அதிகாரிகள் விடவில்லை. படத்துக்கு முதுகெலும்பாக இருப்பது அந்த வெற்றிதான். ஆனால் மே மாதம் சூச்சோவும் அக்டோபரில் ஹாங்கோவும் விழுந்துவிட்டன; 1939 மார்ச்சில் நியூயார்க்கில் படம் திரையேறியபோது, அதில் தலைநகர்போலத் தெரியும் ஹாங்கோ ஜப்பானியர் கையில் இருந்தது. அதே மாதம் ஹிட்லர் பிராகாவுக்குள் நுழைந்தான். அமெரிக்கக் கவனம் முழுவதும் அங்கே திரும்ப, படம் சத்தமில்லாமல் தோற்றது.

மனுவில் இடம்பெறாதவற்றைப் பட்டியலிட்டால் நீளும். இரண்டு போதும். முதலாவது, சிப்பாய் எப்படிச் சேர்க்கப்பட்டான் என்பது. எட்டாண்டில் ஏறத்தாழ 1.4 கோடிப் பேர் படைக்கு இழுக்கப்பட்டார்கள். பணமும் செல்வாக்கும் உள்ளவன் பிள்ளை தப்பித்தான். ஏழைக் குடியானவன் பிள்ளையைக் கயிற்றில் பிணைத்து நடத்திச் சென்றார்கள். படைப்பிரிவைச் சேருமுன்பே பசியாலும் நோயாலும் வழியில் விழுந்தவர்கள் பல லட்சம். பாடிக்கொண்டு அணிவகுக்கும் இளைஞர்களை எல்லாப் படங்களிலும் பார்க்கிறோம். கயிற்றை ஒன்றிலும் பார்ப்பதில்லை. இரண்டாவது மஞ்சள் ஆறு. 1938 ஜூனில் ஜப்பானியப் படையைத் தடுக்க, ஜெங்சௌவுக்கு அருகே ஹுவாயுவான்கோவில் சியாங்கின் ராணுவமே கரையை வெட்டியது. வெள்ளத்திலும் அதன் பின்விளைவுகளிலும் மாண்ட சீனக் குடியானவர்கள் லட்சக்கணக்கில். உடைத்தது ஜப்பானியக் குண்டு என்று அரசு அன்று உலகத்துக்கு அறிவித்தது. கரையை வெட்டியது சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஒன்றுபட்ட மக்கள் மனமுவந்து செய்த தியாகம் என்று மட்டும் சொல்ல முடியாது. மூழ்கியவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இதோடு நின்றால் பிரசாரம் என்று ஒதுக்குபவர்களின் வாதமே வென்றுவிடும். ஆனால் காட்சியைக் கவனிக்காமல் அந்த முடிவுக்கு வர முடியாது. 'சீனப் போர்' படத்தில் பர்மாச் சாலைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். காப்ராவின் படங்களிலேயே சான்று என்ற அளவில் பலவீனமானது இந்தப் படம். ஜப்பானின் உலக ஆதிக்கத் திட்டம் என்று அன்று பரப்பப்பட்ட, போலி என்று இன்று பெரும்பாலோர் கருதும் தனாகா அறிக்கையை அது உண்மை ஆவணமாக வைத்து வாதம் கட்டுகிறது. பிறர் எடுத்த துணுக்குகளை, எங்கே எப்போது எடுத்தவை என்ற கவலையின்றிக் கோக்கிறது. கம்யூனிஸ்டுகள் என்ற ஒரு தரப்பு சீனாவில் இருந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. கடற்கரை முழுதும் பறிபோனபின் குன்மிங்கிலிருந்து பர்மாவின் லாஷியோ வரை 1,100 கிலோமீட்டருக்கும் மேலான மலைச்சாலையை மக்கள் வெறும் கையால் போட்டார்கள் என்று விவரணை பெருமிதத்தோடு முழங்குகிறது. அந்த முழக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். ஆளுயரத்துக்கு மேற்பட்ட கல் உருளை ஒன்றைக் கயிறு கட்டி ஒரு கூட்டம் இழுக்கிறது. ஓரத்தில் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைக்கிறார்கள். மண்ணைக் கூடையில் அள்ளிக் காவடியாகத் தோளில் தூக்கிப் போகிறார்கள். யார் இவர்கள்? கிழவர்கள், பெண்கள், கூடையின் உயரமே இருக்கும் பிள்ளைகள். வாலிபர்கள் அருமை. விவரணை இதை 'எல்லாரும் சேர்ந்தார்கள்' என்று படிக்கிறது. வாலிபர்கள் ஏன் இல்லை என்று அது கேட்பதில்லை. விடை அந்தக் கயிறு, படையாள் பிடித்த கயிறு. யுன்னான் மாகாணத்தில் ஒவ்வொரு மாவட்டமும் இத்தனை ஆள் தர வேண்டும், இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று மேலிருந்து கட்டளை இறங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் உழைத்தார்கள். தவறினால் மாவட்ட அதிகாரிக்கே விலங்கு என்ற மிரட்டலும் இருந்தது. குரல் மறைத்ததைக் காட்சி தன்னையறியாமல் வெளியே விட்டுவிடுகிறது.

இதனால் அந்த உழைப்பு எதிர்ப்பு இல்லை என்றாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நான் பிரசாரவாதிகளிடமிருந்தும் அவர்களை மறுப்பவர்களிடமிருந்தும் விலகுகிறேன். கட்டாயத்தால் வந்தவனும் சாலையைப் போட்டான், அந்தச் சாலையில் லாரிகள் ஓடின, சுங்கிங் பணியவில்லை. ஷாங்காயின் எந்திரங்களைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துப் படகேற்றி யாங்சியின் எதிர்நீரோட்டத்தில் இழுத்தவர்களுக்கும் இது பொருந்தும். சீனா எட்டாண்டு தாக்குப்பிடித்ததற்குப் போர்க்களத் தீரத்தைவிடப் பெரிய காரணம் இந்தச் சுமத்தலும் இழுத்தலும். களத்தில் சீனா பெரும்பாலும் தோற்றுக்கொண்டே இருந்தது. ஆவணப்படங்கள் வெற்றியைத் தேடி அலைந்து கண்டது கொஞ்சம். தேடாமலே பதிவு செய்தது உழைப்பை. அதைச் செய்தவர்கள் முழுமனதோடு செய்த வீரர்களா, வெறும் அடிமைகளா என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு கேட்பது குரலின் கேள்வி. காட்சியில் இருப்பவர்கள் எந்தப் பெட்டியிலும் அடங்குவதில்லை.

குரலைத் தள்ளிவிட்டுக் காட்சியைப் படிக்கிறேன் என்பவன் தனக்கு வேண்டியதை எல்லாம் காட்சியில் படித்துக்கொள்ளலாமே என்று மறுப்பு எழும். நியாயமான மறுப்பு, காட்சியையும் திருத்தி அமைக்கலாம் என்பதும் உண்மை. 1937 ஆகஸ்ட் 28 அன்று ஷாங்காய் தெற்கு ரயில் நிலையத்தில் குண்டுவீச்சுக்குப் பின் தனியாக அழும் குழந்தையைச் செய்திப்பட ஒளிப்பதிவாளர் எச். எஸ். வோங் படமெடுத்தார், கோடிக்கணக்கானோர் பார்த்த அந்தக் காட்சி உட்காரவைத்து எடுத்தது என்று ஜப்பான் தரப்பு அன்றே குற்றம் சாட்டியது. குழந்தையை யாரோ தூக்கி நடைமேடையில் வைத்தார்கள் என்பதை அதே சமயத்தில் எடுத்த வேறு படங்கள் காட்டுகின்றன; குண்டு விழுந்ததும் சாவும் அதனால் பொய்யாகிவிடவில்லை. ஆகவே அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் இரண்டு. காட்சியில் உள்ள விவரம் படத்தின் வாதத்துக்கு உதவாததாக இருந்தால் அதன் நம்பகம் கூடுகிறது. யாரும் கெட்டிக்காரத்தனமாகத் தனக்கு எதிரான சான்றைத் திணிக்கமாட்டார்கள். படத்துக்கு வெளியே எழுத்துச் சான்று அதோடு ஒத்துப்போனால் இன்னும் கூடுகிறது. இரண்டாவதற்குச் சிறந்த உதாரணம் ஜான் மேகி என்ற அமெரிக்கப் பாதிரியார். 1937 டிசம்பரில் நான்கிங் விழுந்தபின் 16 மி.மீ. கேமராவோடு மருத்துவமனையில் காயம்பட்டவர்களைப் படமெடுத்தார். இசை இல்லை, விவரணை இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு குறிப்பு எழுதினார்: வயது, எங்கே, என்ன நடந்தது. கர்ப்பிணியான ஒரு 19 வயதுப் பெண்ணின் உடம்பில் பல துப்பாக்கிக்கத்திக் காயங்கள் என்று ஒரு குறிப்பு. சுருளை நான்கிங்கில் இருந்த இன்னொரு அமெரிக்கரான ஜார்ஜ் ஃபிட்ச் தன் கோட்டின் உள்துணியில் தைத்து வெளியே கொண்டுவந்தார். மேகி 1946இல் டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் சாட்சி சொன்னார். அந்தத் துணுக்குகளே பிறகு காப்ராவின் படத்தில் முழங்கும் குரலுக்கடியில் வருகின்றன. மேகியின் குறிப்போடு பார்த்தால் சாட்சியம்; காப்ராவின் குரலோடு பார்த்தால் ஆவேசம். சுருள் ஒன்றுதான்.

'கூகான்' படத்தின் கதை இதை வேறு கோணத்தில் காட்டுகிறது. ரே ஸ்காட் தொழில்முறைப் படக்காரரல்ல; சிறிய 16 மி.மீ. கேமராவில் வண்ணச் சுருள் போட்டுக் கையில் பிடித்தே எடுத்தார். அவரைச் சீனாவுக்கு அனுப்பியவர், பணம் திரட்டியவர், படத்துக்குப் பின்னிருந்த மூளை, ஹவாயில் பிறந்த லி லிங் ஐ என்ற பெண். படத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் தொழில்நுட்ப ஆலோசகர். 1942இல் அகாடமி வழங்கிய சிறப்பு விருது ஸ்காட்டின் பெயருக்கு மட்டும் போயிற்று. சீனக் குரல் அமெரிக்க வாயிலிருந்து வரவேண்டும் என்ற விதி படைப்பாளருக்கும் பொருந்தியிருக்கிறது. படத்தின் உச்சம் 1940 ஆகஸ்ட் 19, 20 தேதிகளில் சுங்கிங் மீது நடந்த குண்டுவீச்சு. அமெரிக்கத் தூதரகத்தின் கூரையில் நின்று ஸ்காட் எடுத்தது. ஆற்றுக்கு அப்பால் நகரம் சிவந்து எரிகிறது. மக்கள் குகைகளிலிருந்து வெளிப்பட்டு மறுபடி கட்டுகிறார்கள், அஞ்சா நெஞ்சர்கள் என்பது படம் தரும் பொருள். அவர்கள் மறுபடி கட்டியது உண்மை. ஆனால் படம் நியூயார்க்கில் திரையேறிய அதே 1941 ஜூன் மாதத் தொடக்கத்தில், சுங்கிங்கின் பெரிய சுரங்கக் காப்பிடம் ஒன்றில் அடைபட்டவர்கள் காற்றில்லாமல் மடிந்தார்கள். அரசுக் கணக்கே ஆயிரத்தை ஒட்டி வந்தது, ஊர்க் கணக்கு பல மடங்கு. குண்டு கொன்றதல்ல, காற்றோட்டத்துக்கு வழி செய்யாத, நெரிசலை ஒழுங்குபடுத்தாத நிர்வாகம் கொன்றது. அஞ்சா நெஞ்சம் என்ற விளக்கத்தில் நிர்வாகத்தின் பொறுப்பு கரைந்துபோகிறது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. வீடு பற்றி எரியும்போது குடும்பக் குறை பேசலாமா? 1939இல் இவான்ஸ் சியாங்கின் ஊழலையும் ஆள்பிடிப்பையும் காட்டியிருந்தால் லாபம் டோக்கியோவுக்குத்தானே? 1939ஐப் பொறுத்தவரை இதை ஏற்கிறேன். இவான்ஸ் யெனானுக்குப் போக விரும்பியவர்; போகமுடியாத நிலையிலும் ஐக்கியத்தையே படமாக்கினார் என்றால் அது சியாங்கும் கம்யூனிஸ்டுகளும் அன்று சேர்ந்து நின்ற ஐக்கிய முன்னணியின் அரசியல், நேர்மையான தேர்வு. ஆனால் 1944இல் இந்த வாதம் நிற்காது. 1941 ஜனவரியில் சியாங்கின் படைகள் கம்யூனிஸ்டுகளின் புதிய நான்காம் படையைத் தாக்கி முன்னணி கிழிந்துவிட்டது. 1942-43இல் ஹெனான் பஞ்சத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், வரி வசூல் நிற்கவில்லை. 1944இல் ஜப்பானின் இச்சிகோ தாக்குதலில் அதே ஹெனானில் பின்வாங்கிய சீனச் சிப்பாய்களைச் சீனக் குடியானவர்களே ஆயுதம் பறித்து அடித்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போட்டுக்காட்டிய படம் சீன மக்கள் அனைவரும் ஒரே மனிதனாக நிற்பதாகச் சொன்னது. இதன் விலை பின்னால் தெரிந்தது. 1949இல் சியாங்கின் ஆட்சி சரிந்தபோது, திரையில் பார்த்த அந்த ஒன்றுபட்ட நாடு எங்கே போனது என்று அமெரிக்கப் பொதுமக்களுக்கு விளங்கவில்லை. துரோகி யார் என்று தேடினார்கள். போர்க்காலத்திலேயே சியாங்கின் நிலையை உள்ளபடி எழுதி அனுப்பிய ஜான் சர்வீஸ் போன்ற தூதரக அலுவலர்கள் வேலை இழந்தார்கள். இவான்ஸ் படத்துக்கு இசையமைத்த ஐஸ்லரை 1948இல் நாட்டைவிட்டே அனுப்பினார்கள். திரைப்படம் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லவில்லை. எதிர்பார்ப்பை வளர்த்ததில் அதற்குப் பங்குண்டு.

சீனக் குடியானவனைக் குரலின் கூச்சலின்றிக் காட்டிய போர்க்கால ஆவணப்படம் எதிரித் தரப்பிலிருந்து வந்தது என்பது இந்த ஆய்வில் எதிர்கொள்ளும் சங்கடமான உண்மை. ஜப்பானின் தோஹோ நிறுவனத்துக்காகக் காமெய் ஃபுமியோ, வூகான் படையெடுப்போடு போய் 1939இல் முடித்த 'போரிடும் படைவீரர்கள்' படத்தில் விவரணையே இல்லை. இடையிடையே சில எழுத்துப் பலகைகள், அவ்வளவுதான். படையைப் புகழ எடுக்கச் சொன்ன படம் எரியும் வீட்டோடும் சிறு கோயில்முன் கும்பிடும் ஒரு சீனக் கிழவரோடும் தொடங்குகிறது. சிப்பாய்கள் களைத்துப்போயிருக்கிறார்கள், குதிரை ஒன்று நின்றவாக்கில் சரிகிறது, படை கடந்துபோனதும் குடியானவர்கள் வயலுக்குத் திரும்புகிறார்கள். தணிக்கையாளர்களுக்குப் புரியாமலில்லை. படம் வெளிவரவில்லை, காமெய் 1941இல் கைதானார், பிரதி 1975 வரை காணவில்லை. எதிர்ப்பு என்ற சொல்லே வராத இந்தப் படம், காப்ராவின் வரைபடங்களும் அம்புக்குறிகளும் விளக்காத ஒன்றை விளக்குகிறது: ஜப்பான் நகரங்களைப் பிடித்தும் நாட்டைப் பிடிக்க முடியாமல் போனது எதனால் என்பதை. அந்தக் குடியானவர் யாருக்கும் விண்ணப்பம் செய்யவில்லை. இதைச் சொல்வதால் காமெயின் கேமரா வந்த படையின் குற்றம் குறைந்துவிடாது. அந்தக் கிழவரின் பின்னால் எரியும் வீட்டுக்கு நெருப்பு வைத்தது அந்தப் படைதான்.

கடைசியாக, இவான்ஸை யெனானுக்கு விட்டிருந்தால் உண்மையான சீன எதிர்ப்பு பதிவாகியிருக்கும் என்பவர்கள் இருக்கிறார்கள். போனவர்கள் எடுத்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. சோவியத் ஒளிப்பதிவாளர் ரோமன் கார்மென் 1939இல் யெனானுக்குப் போனார், மாவோவைப் படமெடுத்தார், வேறொரு தலைவரின் பின்னே வேறொரு ஒன்றுபட்ட மக்கள். இவான்ஸ் தன் ஐமோ கேமராவையும் கொஞ்சம் சுருளையும் ஹாங்கோவில் ரகசியமாகச் சீன ஒளிப்பதிவாளர் வூ யின்சியானிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்துதான் யெனானின் படக்குழு பிறந்தது. அவர்களின் முதல் பெரிய முயற்சியான 'யெனானும் எட்டாவது படையும்' படத்தின் சுருள்களை அதன் இயக்குநர் யுவான் முஜி 1940இல் சோவியத் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். ஜெர்மானியப் படையெடுப்பில் அவை தொலைந்தன. மிஞ்சியவற்றில் பெயர்பெற்றது, சிப்பாய்கள் நான்னிவான் பள்ளத்தாக்கைத் திருத்திப் பயிரிட்டதைக் காட்டும் 1943ஆம் ஆண்டுப் படம். மண்வெட்டிகள் ஏறி இறங்குகின்றன, நிலம் பச்சையாகிறது, தன் கையே தனக்குதவி என்பது வாதம். முற்றுகைக்குள் இருந்த அந்த ஆட்சியின் வருமானத்தில் அபினி வியாபாரத்துக்கும் பங்கிருந்ததை வரலாற்றாளர்கள் பின்னால் கணக்குப் பார்த்து எழுதினார்கள். அது எந்தச் சுருளிலும் இல்லை. மண்வெட்டி பிடித்த கைகளும் அந்த உழைப்பும் பொய்யல்ல, பர்மாச் சாலையில் உருளை இழுத்த கைகள் பொய்யல்லாதது போலவே. அந்தக் கைகளுக்கு மேலே ஒலித்த குரல்தான் இரு பக்கமும் இரவல்.